எட்டரை மணித்தியாலம்

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எழுதப்போவதை வாசித்துவிட்டு, இவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒருவரும் நினைக்கக் கூடாது.

ஐம்பத்தாறாம் ஆண்டு நான் ஒருவருடைய பாய்வள்ளத்தில் கூலிக்கு நின்றவன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முடிக்கவில்லை. அந்த நான்தான் எங்கள் நெடுந்தீவுக்கும் அக்கரைக் குறிகட்டுவானுக்கும் இடையில் சொந்த மோட்டர் லோஞ்சு ஓட்டினேன். அதற்குப் போட்டது ஒரு பழைய லொறியின் என்ஜின். லொறி என்ஜின் உப்புத் தண்ணீரில் ஓடாது என்று சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு அதில்தான் ஏறி ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போனார்கள். எங்கள் இறங்குதுறையின் முதல் முப்பது அடிக்குக் கல் அடுக்கினவன் நான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு முருகைக்கல்லாகத் தூக்கி வைத்தேன். இன்றைக்கு அந்தத் துறையில் பதித்திருக்கும் பலகையில் திறந்துவைத்த பெரியவரின் பெயர் இருக்கிறது. திறந்துவைக்க ஒரு கத்தரிக்கோல் போதும், கல் தூக்க முதுகு வேண்டும். வீட்டு வளவில் கிணறு வெட்டினேன். இரண்டு இடத்தில் உப்பு வந்தது, மூன்றாவது இடத்தில் நல்ல தண்ணீர். இப்போது பன்னிரண்டு வீட்டுக்காரர் அதில் அள்ளுகிறார்கள். கல்வீடு கட்டி ஓடு போட்டேன். இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவன் என்னோடு லோஞ்சில் நின்றான். இளையவனை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்து லண்டனுக்கு அனுப்பினேன்.

இதெல்லாம் மற்றவர் கைபிடித்துச் செய்தது அல்ல. எங்கள் வாசிகசாலை ஒரு மலர் அச்சடித்துப் போடுகிறது. தீவின் கடற்போக்குவரத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று, மலரைப் பார்க்கிற மாஸ்டர் வீடு தேடி வந்து கேட்டார். எழுதுகிறேன். ஆனால் நான் எழுதப்போகிற போக்குவரத்து லோஞ்சோடு நிற்காது.

இளையவனை ஏற்றிவிட நாங்கள் நாலு பேரும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். ஆவணி மாதம், சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. நான் அதுவரை விமானத்தைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. பயந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாகனத்தைக் கண்டால் அதன் தூரமும் வேகமும் கேட்பது என் பழக்கம். பயணச்சீட்டுப் பார்த்த உத்தியோகத்தரிடம் நேரே போனேன்.

"ஐயா, இது லண்டனுக்கு எத்தினை மைல்?"

அவர் தமிழர். சிரித்துக்கொண்டு சொன்னார். "ஐயாயிரத்து நானூறு மைல் அளவில வரும், பெரியவர்."

"எத்தினை மணித்தியாலம்?"

"இடையில ஒருக்கா நிக்கும். எல்லாமாப் பதின்மூண்டு மணித்தியாலம்."

ஐயாயிரத்து நானூறு மைல், பதின்மூன்று மணித்தியாலம். இரண்டையும் மனத்தில் எழுதி வைத்தேன். காலை எட்டு மணிக்கு விமானம் எழும்பியது. என் மனைவி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, அது புள்ளியாகி மறைந்த பிறகும் நின்றாள். திரும்பி ரயிலில் வந்தோம். கோச்சியை விட்டு இறங்கும்போது அவள் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை இப்ப போய்ச் சேர்ந்திருப்பானோ?"

"அவன் நேற்றே போயிருப்பான். நாங்கள்தான் இன்னும் வீடு போய்ச் சேரேல்லை" என்றேன்.

உண்மையும் அதுதான். கோச்சி, பஸ், லோஞ்சு என்று நாங்கள் நெடுந்தீவில் கால் வைக்க அடுத்த நாள் பின்னேரம் ஆகிவிட்டது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அதில் அவன் எழுதியிருந்தான்: காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டு, அன்றைக்கே பின்னேரம் நாலரை மணிக்கு லண்டனில் இறங்கினேன், சுகம். மனைவி சுகத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். எட்டிலிருந்து நாலரை. விரல் மடக்கிப் பார்த்தேன். எட்டரை மணித்தியாலம்!

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உத்தியோகத்தர் கூட்டிச் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான். குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் என்று தெரிந்தாலும் ஏறுகிறவர்களுக்கு ஒன்றேகால் என்பேன். முந்திப் போனால் மெச்சுவார்கள், பிந்தினால் ஏச மாட்டார்கள். தொழில் தெரிந்தவன் எல்லாரும் செய்கிற வேலை. அதோடு இன்னொன்றும் யோசித்தேன். விமானம் மேற்கே போனது, சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. எதிர்காற்றிலேயே எட்டரை என்றால், வரும்போது காற்று பின்னால் நின்று தள்ளும். எட்டுக்கும் குறையும்.

இதைக் கேட்டு இப்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முப்பது வருடம் கடலில் நேரம் பார்த்தவன் இப்படித்தான் பார்ப்பான். வெளிக்கிட்ட மணி, சேர்ந்த மணி, காற்று. இந்த மூன்றையும் விட்டு நான் எதையும் அளந்தது கிடையாது. ஒரு நாளும் கணக்குப் பிழைத்ததும் கிடையாது.

அதற்குப் பிறகு என் லோஞ்சில் ஏறுகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுவேன். கேட்பதற்காகவே சிலர் பின்னணியத்தில், என் சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து இருப்பார்கள்.

"அண்ணை, உங்கட லோஞ்சில லண்டனுக்குப் போக எத்தினை நாள்?" என்று ஒரு மீன் யாவாரி கேட்பான். ஒவ்வொரு முறையும் அவன்தான் கேட்பான்.

"மணிக்கு எட்டு மைல் ஓடினால் இருபத்தெட்டு நாள். சோறு கட்டிக்கொண்டு வா."

"கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுக்கிற ஆக்களுக்கு?"

"அவைக்குச் சோறு தேவையில்லை. மிச்சம்."

லோஞ்சு முழுக்கச் சிரிக்கும். "என்ர மகன் அதை எட்டரை மணித்தியாலத்தில போனவன்" என்று முடிப்பேன்.

ஒரு நாள் மாஸ்டர் ஏறியிருந்தார். மலரைப் பார்க்கிற இதே மாஸ்டர்தான். அப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணை, அது எட்டரை வராது. அங்கத்தை மணிக்கூடு வேற. அங்கை சூரியன் பிந்தித்தான் உதிக்கும்."

"மாஸ்டர், நெடுந்தீவில உதிக்கிற சூரியனை விட வேற சூரியனும் இருக்கோ?"

"சூரியன் ஒண்டுதான் அண்ணை. ஆனால்..."

"நீர் லண்டனுக்குப் போனனீரோ?"

"இல்லை."

"என்ர மகன் போனவன். கடிதம் என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு. நீர் பிள்ளையளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடும். கடலை நான் பாக்கிறன்."

மீன் யாவாரி தொடையில் அடித்துச் சிரித்தான். மாஸ்டரும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார். பிறகு என் லோஞ்சில் அவர் அந்தக் கதையை எடுத்ததே இல்லை. எனக்கு அது பெரிய வெற்றி மாதிரி இருந்தது.

ஆனால் அந்த எட்டரை என் வீட்டுக்குள்ளே என்ன செய்தது என்று நான் அப்போது பார்க்கவில்லை. மனைவிக்கு மைல் தெரியாது. மணி தெரியும். விடிய முதல் லோஞ்சில் போய், யாழ்ப்பாணத்தில் புடைவை எடுத்துக்கொண்டு, பின்னேரம் கடைசி லோஞ்சில் வந்து இறங்க அதைவிடக் கூட நேரம் போகும். அவள் அப்படித்தான் அளந்தாள்.

"அப்ப கிட்டத்தானே" என்றாள்.

"கிட்டத்தான்" என்றேன் நான், பெருமையாக.

இளையவன் ஒரு முறை வருகிறேன் என்று எழுதினான். அவள் பனாட்டு, ஒடியல் என்று பனையில் செய்ததெல்லாம், மிளகாய்த்தூளும் எடுத்து வைத்துவிட்டு, மூன்று நாள் துறைக்கு வந்து நின்றாள். சோதனை எழுத வேண்டி வந்துவிட்டது, வர ஏலவில்லை என்று பிறகு கடிதம் வந்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு முறை எழுதினான். அப்போதும் நின்றாள். லீவு கொடுக்கவில்லையாம். அன்றைக்கு லோஞ்சைக் கட்டிவிட்டு நான் அவளோடு நடந்து வந்தேன். பாதையின் இரண்டு பக்கமும் கல்வேலி. நடுவில் போய்க்கொண்டே கேட்டாள்.

"எட்டரை மணித்தியாலம்தானே. வரவேணும் எண்டு நினைச்சால் வரலாம்தானே?"

தூரத்தைக் குறைத்துச் சொன்னவன் நான். தூரம் குறையக் குறைய, அவன் வராதது அவளுக்குப் பெரிதாகிக்கொண்டு போனது. பதின்மூன்று என்றோ, அது வேறு உலகம், வேறு சூரியன் என்றோ சொல்லியிருந்தால், பாவம் பிள்ளை, எவ்வளவு தூரத்தில் கிடக்கிறான் என்று மனம் ஆறியிருப்பாள். இது இப்போது தெரிகிறது.

அவன் போய் ஏழாவது வருடம் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, மனைவி கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் லோஞ்சுக்குப் போக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியே வரவில்லை.

எங்களுக்குள்ளே ஒரு முறை இருக்கிறது. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். இளையவன் லண்டனில். தபால் கந்தோருக்கு ஆள் அனுப்பித் தந்தி அடித்தோம். நான் லோஞ்சை எடுத்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளங்களை மரத்தூளில் மூடிக் கொண்டுவந்தேன். அப்போதெல்லாம் நெடுந்தீவில் பிரேதத்தை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தவர் இல்லை. நான்தான் முதல். என் தங்கச்சி அந்த ஐஸைக் கண்டுவிட்டு வாசலிலேயே அழுதாள்.

"அண்ணை, மச்சாளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. மார்கழியில குளிக்கவே சுடுதண்ணி வைக்கிறவ."

"அவளுக்கு மகன் வரவேணும். குளிரைப் பொறுப்பாள்" என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் பதில் தந்தி வந்தது. தபால் அதிபர் அதை வாசித்துச் சொன்னார். புதன் இரவு எட்டு மணிக்கு லண்டனில் புறப்படுகிறேன், பொறுத்திருக்கவும். அவ்வளவுதான் இருந்தது.

வீட்டில் ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். நான் முற்றத்திலிருந்த கதிரையில் இருந்து எல்லாருக்கும் கேட்கக் கணக்குச் சொன்னேன். இரவு எட்டு மணியோடு எட்டரையைக் கூட்டினால் வியாழன் விடிய நாலரை. காற்று பின்னால் நிற்கிறது, ஆனாலும் அதை நான் கழிக்கவில்லை, காவலுக்கு விட்டுவைத்தேன். கட்டுநாயக்காவில் ஒரு மணித்தியாலம். கார் பிடித்தால் யாழ்ப்பாணத்துக்கு எட்டு மணித்தியாலம். பகல் ஒன்றரை மணி. குறிகட்டுவானுக்கு வர இரண்டரை மணி. லோஞ்சில் ஏற்றினால் நாலு மணிக்கு முன் நெடுந்தீவு. பொழுது பட இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்.

ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. ஏன் கதைக்கப் போகிறார்கள்? இருபது வருடம் என் கணக்கில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தவர்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் வளவுக்குக் கிட்ட அம்மன் கோயில். அயலில் பிரேதம் கிடந்தால் நடை திறக்கக் கூடாது, பூசை இல்லை. வெள்ளிக்கிழமை கோயில் கொடியேற்றம். ஐயர் நல்ல மனிதர். புதன் பின்னேரம் வாசல் படலையடியில் வந்து நின்று சொன்னார்.

"பெடியன் வாறது நிச்சயம் எண்டால் பொறுப்பம். வெள்ளி காலமை ஒன்பது மணிக்கு முன்னம் எடுத்தாலும் காணும். கோயிலைக் கழுவிப்போட்டுக் கொடியை மத்தியானத்துக்குத் தள்ளலாம். ஆனால் நிச்சயம் தெரியவேணும்."

"வெள்ளிக்குப் போகாது ஐயா. வியாழன் நாலு மணி" என்றேன்.

வியாழன் மத்தியானம் நானே லோஞ்சை எடுத்தேன். பிரேதம் வீட்டில் கிடக்கப் புருஷன் கடல் தாண்டலாமோ என்று சிலர் குறுக்கே நின்றார்கள். மூத்தவன் தான் போகிறேன் என்றான். நான் விடவில்லை. அந்தச் சோளகத்தில் போய் நேரத்துக்குத் திரும்ப என்னை விட்டால் ஆள் இல்லை. அதோடு, அவனை அவன் தாயிடம் கொண்டுவந்து சேர்த்தது நான் என்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

குறிகட்டுவானில் ஒன்றரைக்கே போய் நின்றேன். இரண்டு மணிக்கு பஸ் வந்தது. நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் இறங்கி அடுத்த லோஞ்சுக்கு ஓடியது. இரண்டேமுக்காலுக்கு ஒரு கார் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. எழும்பி நடந்தேன். புதுத் தம்பதி ஒன்று இறங்கியது, பெண் தலையில் பூ. மூன்றரை ஆனது. கடல் கறுத்து, அலையின் தலையெல்லாம் வெள்ளையாகிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு இன்னொரு பஸ் வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். கோழிக்கூட்டோடு ஒரு கிழவர். அதோடு பஸ் வெறுமை.

எனக்கு முதலில் பயம் வந்தது, ஏதாவது நடந்துவிட்டதோ என்று. பிறகு அந்தப் பயம் கோபமாக மாறியது. மூன்றாவது முறை. அவள் துறையில் நின்ற இரண்டு முறையும் நினைவுக்கு வந்தது. தாய் செத்ததற்கும் அவனுக்கு லீவு இல்லையாக்கும் என்று நினைத்தேன். லோஞ்சின் கயிற்றை அவிழ்த்தேன்.

நெடுந்தீவுத் துறையில் ஊரே நின்றது. நான் அடுக்கின கல்லின் மேல்தான் நின்றார்கள். லோஞ்சு கிட்ட வர வர எல்லாரும் அதற்குள்ளே ஒரு தலையைத் தேடினார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

மூத்தவன் கயிற்றை வாங்கிக் கட்டினான். "தம்பி எங்கை ஐயா?"

"அவன் வரமாட்டான். நீ வை."

"அம்மாவுக்கு நான் வைக்கிறதோ? இண்டைக்கு ஒரு இரவு பாப்பம் ஐயா. ஐயரும் வெள்ளி காலமை வரைக்கும் பொறுக்கலாம் எண்டவர்."

மாஸ்டர் கூட்டத்துக்குள்ளிருந்து முன்னுக்கு வந்தார். என் கையைப் பிடித்தார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டது கிடையாது.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. அந்த எட்டரை சரியில்லை. அவர் இப்பதான் கட்டுநாயக்காவில இறங்கி வெளிக்கிட்டிருப்பார். விடியக் கட்டாயம் வருவார்."

"செத்த வீட்டிலயும் பள்ளிக்கூடம் நடத்த வந்தனீரோ மாஸ்டர்?"

நான் கையை உதறினேன். மூத்தவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சொன்னேன், இந்த வார்த்தைகளையேதான் சொன்னேன்: "கடல்ல என்ர கணக்கு எண்டைக்காவது பிழைச்சிருக்கோ? வரவேணும் எண்டால் மூண்டு மணிக்கு முன்னம் வந்திருப்பான். அம்மனை அடைச்சு வைச்சுக்கொண்டு, ஊரைப் பட்டினி போட்டுக்கொண்டு, வராதவனுக்குக் காவல் இருக்க ஏலாது. எடுங்கோ."

ஐயர் கேட்டார், "நிச்சயமோ?"

"நிச்சயம்" என்றேன்.

எடுத்தார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். சுடலைக்குப் போகிற வழியெல்லாம் காற்று, பறை அடித்த சத்தத்தைக்கூடப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஐஸ் தண்ணீர் அவளுடைய சேலையில் ஊறி இருந்தது. விறகு பிடிக்க நேரம் எடுத்தது. மூத்தவன் குடத்தோடு மூன்று முறை சுற்றி வந்து, திரும்பி நின்று கொள்ளியை வைத்தான். பொழுது பட்டபோது நாங்கள் திரும்பிப் பாராமல் நடந்து வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இளையவன் வந்தான்.

முதல் லோஞ்சில் வந்திருக்கிறான். துறையில் இறங்கும்போதே ஆட்கள் சொல்லிவிட்டார்கள். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கல்வேலிகளுக்கு நடுவால் தனியாக நடந்து வந்தான். கோயிலில் கொடியேற்ற மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மூத்தவன் காடாற்றுக்குப் பால் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். இளையவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே அவனிடம் போனான்.

"அண்ணை, ஒரு இரவு பொறுக்க ஏலாமல் போச்சோ உங்களுக்கு?"

மூத்தவன் கையிலிருந்த பாலைக் கீழே வைத்தான்.

"பொறுக்கச் சொல்லித் தந்தி அடிச்சனான். அம்மாவுக்கு நான்தானே வைக்கவேணும். அதையும் நீங்களே எடுத்துக்கொண்டீங்கள். வீடு, லோஞ்சு, அம்மா, எல்லாம் உங்களுக்குத்தானே!"

"தம்பி, உள்ளை வா. முதல்ல தண்ணி குடி" என்றான் மூத்தவன். அப்போது என்னை ஒரு முறை பார்த்தான். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். திறக்கவில்லை. என் கணக்குச் சரி, அவன் வழியில் எங்கேயோ தாமதித்திருக்கிறான் என்று அப்போதும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட இருந்தோம். சைவச் சாப்பாடு, வாழையிலை. இளையவன் எனக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுடைய கைமணிக்கூடு என் கண்ணில் பட்டது. சுவரில் மணி சரியாகப் பன்னிரண்டு. அவன் கையில் ஏழரை.

"உன்ர மணிக்கூடு நிண்டுபோச்சு, தம்பி" என்றேன்.

அவன் பார்த்தான். "இல்லை ஐயா. ஓடுது. இது லண்டன் நேரம். நான் இன்னும் மாத்தேல்லை. அங்கை இப்ப காலமை ஏழரை."

"ஒரே நேரத்திலயோ?"

"ஓம் ஐயா. இந்த மாதங்களில நாலரை மணித்தியாலம் வித்தியாசம். பனிக்காலத்தில அஞ்சரை. அங்கை மணிக்கூட்டையே மாத்தி வைப்பினம்."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இலையின் கீழே விரலை மடக்கினேன். அவன் போன அன்றைக்கு அங்கே நாலரை என்றால் இங்கே ஒன்பது. காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது. பதின்மூன்று. உத்தியோகத்தர் ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. புதன் இரவு அங்கே எட்டு என்றால் இங்கே நடுச்சாமம் தாண்டிப் பன்னிரண்டரை. அதோடு பதின்மூன்று. வியாழன் பகல் ஒன்றரை. நான் குறிகட்டுவானில் லோஞ்சைக் கட்டிவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஒன்றரை மணிக்குத்தான் அவனுடைய கால் கட்டுநாயக்கா மண்ணில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் ஒரு இடத்திலும் தாமதிக்கவில்லை. நான் கோபத்தோடு கயிற்றை அவிழ்த்தபோது அவன் காரில் வந்துகொண்டிருந்திருக்கிறான், தாயைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையோடு.

"ஏன் ஐயா சாப்பிடேல்லை?" என்று கேட்டது மூத்தவன்.

"பசியில்லை" என்றேன். எழும்பிப் போய்க் கை கழுவினேன். நான் வெட்டின கிணறு. அந்த வாளி.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடிய இளையவன் போய்விட்டான். போகும்போது தமையனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தாய் எடுத்து வைத்திருந்த பனாட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோனான். அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறான். சுகம் கேட்கிறான். தமையனைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு பேரும் கதைத்து நாலு வருடத்துக்கு மேல். மூத்தவனுக்குக் கலியாணம் நடந்தது. தம்பியிடமிருந்து வாழ்த்து வரவில்லை. மாப்பிள்ளையாக இருந்தவன் தபால்காரன் வருகிற நேரத்தில் இரண்டு முறை படலைக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன்.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. தம்பிக்கும் சொல்லவில்லை, ஊருக்கும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், லோஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் வரும்போது சொன்னான்.

"ஐயா, அண்டைக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

என்ஜின் சத்தத்தில் கேட்காத மாதிரி நான் இருந்துவிட்டேன். என் லோஞ்சின் என்ஜின் சத்தம் எனக்கு ஒரு நாளும் காதை அடைத்தது இல்லை. அவனுக்கும் அது தெரியும்.

நான் வாயால் கதைத்தே வாழ்ந்தவன். இந்தத் தீவில் என்னைப் போலக் கதைக்கிறவன் இல்லை. ஆனால் இதை இளையவனுக்கு எழுத மூன்று முறை கடதாசி எடுத்தேன், மூன்று முறையும் லோஞ்சுக் கதை எழுதித்தான் அனுப்பினேன். அதனால்தான் மாஸ்டர் வந்து கேட்டபோது ஓம் என்றேன். மலர் அச்சானால் லண்டனில் உள்ள எங்கள் ஊராருக்கும் தபாலில் போகும். அவனுக்கும் போகும். அச்சில் வந்துவிட்டால் நானே நினைத்தாலும் மாற்ற ஏலாது.

மாஸ்டர், எழுத்துப் பிழை எல்லாவற்றையும் திருத்தும். அது உம்முடைய வேலை. அன்றைக்கு நீர் என் கையைப் பிடித்ததையும் நான் உதறினதையும் வெட்டக் கூடாது, அது உமக்கு நான் தர வேண்டிய மரியாதை. இடம் போதாவிட்டால் கிணற்றை எடும். கல்வீட்டை எடும். லொறி என்ஜினையும் எடும், கொஞ்சம் மனம் நோகும், பரவாயில்லை. துறையின் முப்பது அடியை ஏலுமானால் விடும். ஏலாவிட்டால் அதையும் எடும்.

இது மட்டும் இருக்க வேண்டும். எட்டரை மணித்தியாலம் என்று கணக்குப் போட்டது நான். நிச்சயம் என்று ஐயருக்குச் சொன்னது நான். வியாழன் பொழுது படமுன் எடுக்கச் சொன்னதும், மூத்தவனின் கையில் கொள்ளியைக் கொடுப்பித்ததும் நான். நாலு வருடமாக அது அவனுடைய பெயரில் கிடக்கிறது. அது அவனுடையது அல்ல, என்னுடையது. துறையில் என் பெயரைப் போடாமல் விட்டீர்கள், பொறுத்தேன். இதில் விடக் கூடாது. என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.